உள்ளங்கை கவிழ்ந்தால்

பஸ் டிப்போவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். படியில் தொங்குபவனை உள்ளே இழுக்கவும், கடைசி சீட்டில் குறட்டை விடுபவனை அவன் இறங்குமிடத்தில் எழுப்பவும் அவருக்குத் தொண்டை ஒன்றே போதும். ஓய்வுபெற்ற பிறகும் அந்தத் தொண்டை ஓயவில்லை. குளியலறையில் நின்று பேசினால் மூன்றாவது மாடி முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிடும். அவரிடம் ரகசியம் சொல்ல மனைவிக்குப் பயம். அமைதியாகத்தான் கேட்டுக்கொள்வார். பதில் சொல்லும்போதுதான் ஊர் கூடிவிடும்.

மரங்களெல்லாம் இலை உதிர்த்து முடித்திருந்த ஒரு காலையில் அந்தக் குரல் நின்றுபோனது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், கைகழுவும் தொட்டியைப் பிடித்தபடியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஐந்து வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் வலது காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் "தா... தா..." என்று மட்டும் வந்தது. புத்தி மட்டும் பழையபடி முழுசாக இருந்தது. அதுதான் கொடுமை.

வீட்டில் அவருக்காகக் காத்திருந்தது மூக்கன். கறுத்த முகமும் பழுப்பு உடம்புமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு நாய். ஐந்து வருஷத்துக்கு முன் டிப்போவில் ஒரு பழைய டயருக்குள் குட்டியாகக் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தவர் அவர்தான். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அதோடு நடப்பார். உட்காரு, நில்லு, வா, தேடு எல்லாம் அவர் பழக்கியது. அந்தக் குரலைத் தவிர வேறு எவர் குரலுக்கும் அது காதை அசைக்காது. "சோறு போடறது நான், பேச்சு கேக்கறது உங்ககிட்டயா?" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். "அதுக்கு நன்றி இருக்கும்மா, உன்கிட்ட பயம் இல்ல, அவ்வளவுதான்" என்பார், எதிர்க் கட்டடத்துக்கும் கேட்கும்படி.

சக்கர நாற்காலியில் அவரைக் கொண்டுவந்து ஜன்னலோரம் விட்டதும் மூக்கன் சுற்றிச் சுற்றி வந்து மோந்தது. பிறகு நேர் எதிரே வந்து நின்று, காதுகளை நிமிர்த்தி, அவர் முகத்தையே பார்த்தது. என்ன செய்யட்டும் என்று கேட்பதுபோல. அவர் வாயைத் திறந்தார்.

"தா... தா... தா."

நாய் தலையைச் சாய்த்தது. இரண்டடி பின்வாங்கியது. யாரோ வேற்றாளைப் பார்த்ததுபோல ஒருமுறை குரைத்தது. அவர் இடது கையால் அதன் முகத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று வாரம் அவர் நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. நடைபாதையில் பனி உறைந்து கண்ணாடிபோலக் கிடந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த சலவைக் கடையில் துணி திருத்தித் தைப்பவள் அவர் மனைவி. ஒன்பது மணிக்குப் போனால் மதியம் ஒரு மணிக்குத் திரும்புவாள். அவரது இடது கைக்கு எட்டும்படி போனை நாற்காலிக் கைப்பிடியில் செருகிவைப்பாள். ஒரே பொத்தானை அழுத்தினால் கடையில் மணி அடிக்கும். போவதற்கு முன்னும் வந்த பின்னும் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்குவாள். பனி உறைந்த நான்காம் நாளே அது ஒரு பூனையைப் பார்த்து இழுத்த இழுப்பில் குப்பைத்தொட்டி அருகே மல்லாந்து விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. தையல்காரிக்குக் கை போனால் பிழைப்பே போனமாதிரி. நடை பத்து நிமிஷமாகக் குறைந்தது. பனிமழை பெய்த நாட்களில் வாசலோடு சரி.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். மூக்கன் விஷயத்தில் பழமொழியின் முதல் பாதிதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். வேலை இல்லாததால் தானே வேலை தேடிக்கொண்டது. தலையணையைக் கிழித்து வீடு முழுக்கப் பஞ்சு பறக்கவிட்டது. தையல் மேஜையின் காலைக் கரும்புபோல மென்றது. அவள் விளிம்பு மடிப்பதற்காக வீட்டுக்கு எடுத்துவந்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கம்பளிக் கோட்டில் கையே இல்லாமல் செய்துவிட்டது. அவளை அதிகம் வாட்டியது குரைப்புதான். மாடிப்படியில் யார் கால் வைத்தாலும் கதவருகே போய் நின்று கத்தியது.

நேர் கீழ்வீட்டில் இருந்தவர் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வந்து படுப்பார். முதலில் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். அப்புறம் படியேறி வந்தார். கண்கள் சிவந்து, முன்கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அக்கா, அண்ணன் நிலைமை தெரியும். சண்டை போட வரல. ஆனா நான் தூங்கி ஒன்பது நாளாச்சு. நேத்து அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே கண் அசந்துட்டேன்."

"மன்னிச்சுக்குங்க தம்பி. என்ன செய்யறதுன்னே எனக்குத் தெரியல."

வேறு யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும். கட்டட நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்தது. இன்னொரு புகார் வந்தால் நாயை வெளியேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. வெளியூரில் இருந்த மகள் போனில் அழாத குறையாகச் சொன்னாள். "அம்மா, நீ ஒருத்தி. எத்தனை பேரைத்தான் பார்ப்ப? நாயை நல்ல இடமா பார்த்துக் குடுத்துடு. அப்பாதான் அதைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் நாயைப் பார்க்க வந்தார்கள். தோட்டம் இருக்கிறது, ஓடலாம் என்றார்கள். அவள் கணவரின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"உட்காருன்னா உட்காருமா?" என்று கேட்டார் வந்தவர்.

"உட்காரு" என்றாள். மூக்கன் அவளைச் சுவரொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை அதட்டினாள். கொட்டாவி விட்டது.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து பட், பட் என்று இரண்டு சத்தம். அவர் தன் தொடையில் இடது கையால் தட்டியிருந்தார். அடுத்த கணம் மூக்கன் உட்கார்ந்தது. அவர் ஒரு விரலை உயர்த்தினார். எழுந்து நின்றது. விரலை வளைத்தார். நாற்காலியருகே ஓடிப் போய் நின்று வாலை ஆட்டியது.

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஐந்து வருஷமாக அவர் ஒவ்வொரு முறை உத்தரவு போடும்போதும் கையும் சேர்ந்து பேசியிருக்கிறது. தொண்டை போட்ட சத்தத்தில் கையை யாரும் கவனிக்கவில்லை. நாய் மட்டும் கவனித்திருக்கிறது.

"மன்னிச்சுக்குங்க. குடுக்கறதா இல்லை" என்றாள் அவள்.

வந்த பெண் நாற்காலியில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. "வேண்டாம்மா, நாங்க கேக்கவே இல்லைன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கணவனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிஷம். அதற்கு மேல் போனால் நாய்க்கும் அலுக்கும், அவருக்கும் கை சோரும். வலது கையால் செய்துவந்த மற்ற சைகைகளையும் இடது கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. நாய் சரியாகச் செய்தால் உடனே வாயில் ஒரு துண்டு ரஸ்க். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. அவர் சைகை காட்டுவார், அவள் ரஸ்க் கொடுப்பாள். "நல்ல ஜோடிதான் போங்க. நீங்க ஓட்டுநர், நான் நடத்துநர்" என்றாள் ஒருநாள். அவர் சிரித்தார். பேச்சு போனாலும் சிரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய சிரிப்பேதான். கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

வெளியே ஓட முடியாத நாயை மூக்கால் ஓடவைக்கலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். கடையில் மிஞ்சிய துணி விளிம்புகளையெல்லாம் பையில் அள்ளிவந்து, ஒரு பழைய ரப்பர் விரிப்பின் ஓட்டைகளில் நெருக்கமாக முடிந்தாள். வண்ண வண்ணமாகப் புல் முளைத்ததுபோல இருந்தது. அதற்குள் அதன் சாப்பாட்டைத் தூவிவிட்டால் அரைமணி நேரம் மோந்து மோந்து தேடும். அப்புறம் ஓடிக் களைத்ததுபோலச் சுருண்டு தூங்கும். அவர் தன் கையுறையைத் தொடைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு "தா" என்பார், ஒரு விரலை மூக்கில் வைத்துக் காட்டுவார். மூக்கன் வீடு முழுக்கத் தேடும். அலமாரிக்குப் பின், கட்டிலுக்கு அடியில், அவள் புடவை மடிப்பில்கூட. கண்டுபிடித்ததும் அவருடைய செத்த கையின் மேல் கொண்டுவந்து வைக்கும். அந்தக் கையை நக்கும். அவர் தடுக்க மாட்டார்.

எல்லாவற்றிலும் அவர் பெருமைப்பட்ட சைகை ஒன்று உண்டு. உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை விரித்து, காற்றை மெல்ல அமுக்குவதுபோலக் கீழே இறக்குவார். படு, வாயைத் திறக்காதே, கையை எடுக்கும்வரை அசையாதே என்று அர்த்தம். இதைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். நிர்வாகியின் கடிதம் அலமாரி மேல் இருந்ததே, அதற்காக. மூன்று வாரம் பிடித்தது. முதலில் ஒரு நொடி, அப்புறம் பத்து நொடி, அப்புறம் படியில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரம் முழுக்க. கையைத் தூக்கிய பிறகுதான் எழும். ஒருமுறைகூட மறக்காது. அவள் கடைக்குப் போயிருக்கும்போது படியில் காலடி கேட்டால் அவர் கை தானாகக் கவிழும்.

கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் பெரிய பொட்டலம் நிறைய ரஸ்க்கோடு வந்தார். "உடைஞ்சது, விக்க முடியாது. உங்க வீட்டு மாணவனுக்கு" என்றார். முகம் தெளிந்திருந்தது. "ரெண்டு வாரமா ராஜா மாதிரி தூங்கறேன்க்கா."

குளிர் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது அது நடந்தது.

அன்று கடையில் வேலை அதிகம். ஒன்றேகால் மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். வழக்கமாகச் சாவிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வரும் மூக்கன் வரவில்லை. சக்கர நாற்காலி காலியாக இருந்தது. போன் அதன் கைப்பிடியிலேயே செருகியபடி இருந்தது. அவர் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவே குப்புற விழுந்து கிடந்தார். இடது கை முன்னால் நீண்டு, தரையில் உள்ளங்கை கவிழ்ந்து, விரல்கள் விரிந்திருந்தன.

அந்தக் கைக்கு நேர் எதிரே மூக்கன் படுத்திருந்தது. வயிறும் மோவாயும் தரையோடு தரையாக. கண்கள் அந்தக் கையை விட்டு அகலவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அடியில் சிறுநீர் பெருகி, குளிர்ந்துபோயிருந்தது.

அவர் உடம்பில் சூடு இருந்தது. அவள் கத்திய கத்தலுக்குப் படியில் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. இத்தனை அமளிக்கும் நாய் அசையவில்லை, சத்தம் போடவில்லை. ஆம்புலன்ஸில் வந்த இருவரில் ஒருவர் அவரைப் புரட்டுவதற்காக அந்த இடது கையைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியதுதான் தாமதம், மூக்கன் துள்ளி எழுந்து குரைக்கத் தொடங்கியது. மூச்சு விடாமல், தொண்டை கட்டிப்போகும்வரை, அவரைப் படியில் இறக்கி வண்டியில் ஏற்றி வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் குரைத்துக்கொண்டே இருந்தது.

அவர் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

"இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தா?" என்று அவள் டாக்டரிடம் கேட்டாள்.

"ரெண்டாவது தடவை வந்தது ரொம்பப் பெரிசும்மா. அப்படியெல்லாம் கணக்குப் போடாதீங்க. யாராலும் சொல்ல முடியாது."

யாராலும் சொல்ல முடியாது என்பதை அவள் ஆறுதலாக எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு கீழ்வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இதை உங்ககிட்ட சொல்லாம என்னால இருக்க முடியல. அன்னிக்குப் பத்து மணி இருக்கும். மேல தொம்முனு ஒரு சத்தம். நாய் ரெண்டு தடவை கத்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. சரி, அண்ணன் அடக்கிட்டாருன்னு நெனச்சு... நல்லவேளைன்னு திரும்பிப் படுத்துட்டேன். அது கத்திக்கிட்டே இருந்திருந்தா கட்டாயம் ஏறி வந்திருப்பேன்க்கா."

"உங்க மேல என்ன தப்பு தம்பி" என்றாள். பத்து மணியிலிருந்து ஒன்றேகால் வரை. அவர் போனபிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமலே நின்றாள்.

மகள் ஒரு வாரம் இருந்தாள். கூடவே வந்துவிடு என்று கூப்பிட்டாள். நாயைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள் இவள். கையைப் பற்றி மகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் நாயை அன்றே வண்டியேற்றியிருப்பாள், அல்லது தாயைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இரண்டையும் தாங்கும் தெம்பு இவளுக்கு இல்லை.

மகள் போன பிறகு அவள் நாய்க்குச் சோறு வைத்தாள், வாசல்வரை கூட்டிப்போனாள், அவ்வளவுதான். விளையாட்டு இல்லை, பேச்சு இல்லை. அதன் கண்ணைப் பார்த்தால் 'நீ ஒருதரம் கத்தியிருக்கக் கூடாதா' என்று கேட்டுவிடுவோமோ என்று பயம். கேட்டால் அதனிடம் பதில் இருக்கும். சொன்னதைச் செய்தேன் என்று. சொல்லிக்கொடுத்தவள் யார்? வாயில் ரஸ்க் வைத்து வைத்துச் சொல்லிக்கொடுத்தவள்?

நாயும் ஊமையாகிவிட்டிருந்தது. படியில் யார் போனாலும் காதுகூட நிமிரவில்லை.

ஒரு பிற்பகல் மேஜையில் ஒரு திரைச்சீலைத் துணியை விரித்து, வெட்டுவதற்கு முன் சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள். தடால் என்று ஒரு சத்தம். திரும்பினாள். அறை நடுவே மூக்கன் வயிறு தரையில் பட விழுந்து கிடந்தது. மோவாய் தரையில். கண்கள் அவள் கையில். துணியின்மேல் அவள் கை கவிழ்ந்து, விரல்கள் விரிந்து இருந்தன.

சட்டென்று கையைத் தூக்கினாள். நாய் எழுந்தது. தரையில் உட்கார்ந்து அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"குரைடா" என்றாள். "எனக்காக ஒரு தடவை குரைச்சிடுடா ராசா." அவர் போனபிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதாள். மூக்கன் அவள் கன்னத்தை நக்கியது. குரைக்கவில்லை.

அன்று மாலை கீழ்வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புமுன் அவள் போய்க் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கை தரையில் எப்படி இருந்தது, நாய் எப்படிப் படுத்திருந்தது என்று ஒன்று விடாமல். அவர் காலணியை மாட்டியபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தூங்கணும்னுதானேக்கா அதை..." என்றார்.

"அதைப் பேச வரல தம்பி. பேசி என்ன ஆகப்போகுது. நான் அதுக்குத் திரும்பக் குரைக்கச் சொல்லிக்குடுக்கப் போறேன். கொஞ்ச நாளைக்குப் பகல்ல சத்தமா இருக்கும். பொறுத்துக்கணும்."

"பொறுத்துக்கறதா? நான் வந்து கதவைத் தட்டறேன்க்கா. யாராவது தட்டினாத்தானே அது குரைக்கும்?"

அப்படித்தான் தொடங்கினார்கள். வேலை முடிந்து வந்ததும், படுக்கப் போவதற்கு முன், அவர் மேலே ஏறி வந்து கதவைத் தட்டுவார். உள்ளே அவள் நாயின் பக்கத்தில் மண்டியிட்டு, "லொள்" என்பாள். முதல் நாள் மூக்கன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டது. கதவுக்கு வெளியே அவர் சிரிப்பை அடக்கியது கேட்டது. "தம்பி, சிரிச்சீங்கன்னா நாளைக்கு நீங்கதான் குரைக்கணும்" என்றாள் உள்ளேயிருந்து. மறுநாள் இரண்டு பேரும் குரைத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

துணியை நீவும்போது உள்ளங்கையை வைக்காமல் மணிக்கட்டின் ஓரத்தால் நீவப் பழகிக்கொண்டாள். துணி விளிம்பு விரிப்பைத் துவைத்து மறுபடி விரித்தாள். ஓரங்களில் பனி உருகிய நடைபாதையில் பத்து நிமிஷ நடை இருபதானது, இருபது நாற்பதானது. நாய் இழுத்தால் நின்றுவிடுவாள். இழுக்காதவரை நடப்பாள். அவளிடம் பயம் இல்லாத நாய் மெல்ல மெல்ல அவள் நடைக்குப் பழகியது. இருவரும் அவர் நடந்த வழியில் போகவில்லை. அந்தப் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை. மூக்கன் ஒவ்வொரு நாளும் அந்தத் தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்று பார்க்கும். பிறகு அவளோடு வரும்.

கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்த ஒரு காலை. கீழ்வீட்டுக்காரர் வழக்கம்போலத் தட்டினார். அவளுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, "லொள்" சரியாக வரவில்லை. மூக்கன் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் நெஞ்சுக்குள் ஏதோ உருண்டது. பிறகு துருப்பிடித்த கீல் அசைவதுபோல ஒரு சத்தம். மறுபடி அவர் தட்டினார். இந்தத் தடவை முழுசாகக் குரைத்தது.

அவள் கையிலிருந்த ரஸ்க்கையெல்லாம் அதன் முன்னால் கொட்டிவிட்டாள். அது தின்னவில்லை. கதவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது. வெளியே நின்றவருக்குத் தட்டுவதை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியவில்லை. "அக்கா? அக்கா, போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அழுகை நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.